பதில் சொல்லாமல் விட்டது

ஆர்லிஸ் டெபோர் நடுவர் ஆனது மகனுடைய நச்சரிப்பு தாங்காமல்தான். பேச்சுப் போட்டிக்கும் வாதப் போட்டிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற பள்ளிக்கூடம் தன் பங்குக்கு நடுவர்களையும் கூட்டிப்போக வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். தெற்கு டகோட்டாவின் குளிர்காலத்துச் சனிக்கிழமையில், இருட்டோடு எழுந்து, மஞ்சள் பேருந்தில் நடுங்கிக்கொண்டே போய், முன்பின் தெரியாத பிள்ளைகள் சண்டை போடுவதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க யார் வருவார்கள்? பெற்றோர்தான் மாட்டிக்கொள்வார்கள்.

ஆர்லிஸ் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவள். "உருளைக்கிழங்கு வெந்துச்சா வேகலையான்னு வேணும்னா தீர்ப்பு சொல்றேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாள்.

"போதும்மா. அங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அதுவும் தெரியாது" என்றான் டாசன்.

அதன்பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கிழங்கு சீவிக்கொண்டிருக்க, அவன் மேசையின் மேல் ஏறி உட்கார்ந்து அந்த உலகத்துப் பாஷையைச் சொல்லிக்கொடுத்தான். இரண்டு பக்கத்து வாதத்தையும் பத்தி பத்தியாக எழுதி, எதற்கு எது பதில் என்று அம்புக்குறி போடுவது ஃப்ளோ. முதல் சுற்றுகளில் ஜெயித்துக் கடைசிக் கட்டத்துக்குப் போவது பிரேக். மதிப்பெண்களைக் கூட்டிக் கழித்து முடிவு சொல்லும் அறை டேப். ஒரு பக்கம் ஒன்றைச் சொல்லி, மறு பக்கம் அதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டால் அது ட்ராப்.

"விட்டா என்ன? மறந்திருப்பான், பாவம்."

"பாவமெல்லாம் இங்க கிடையாது. பதில் சொல்லலேன்னா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம். அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமா இருந்தாலும் சரி, அந்தச் சுற்று முடியிற வரைக்கும் அதுதான் உண்மை."

"நிலா பாலாடைக்கட்டியில செஞ்சதுன்னு சொன்னா?"

"எதிர்ல இருக்கிறவன் வாய மூடிட்டு உட்கார்ந்திருந்தா, பாலாடைக்கட்டிதான்."

அவள் சிரித்தாள். இன்னொன்றையும் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அறைக்குள் பேசினதை வைத்து மட்டுமே தீர்ப்புச் சொல்ல வேண்டும். நடுவருக்கு வெளியே என்ன தெரிந்திருந்தாலும் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். "பனி பூட்ஸ் மாதிரி" என்றான்.

வீட்டில் அந்த வார்த்தைகள் ஒட்டிக்கொண்டன. "குப்பையைக் கொண்டுபோய்ப் போடச் சொன்னேனே" என்று அவள் கத்தினால், "அதுக்கு நான் நேத்தே பதில் சொல்லிட்டேன், நீதான் ட்ராப்" என்பான். அவள் பதில் சொல்லாமல் போன எதற்கும், "ட்ராப்!" என்று விரலால் காற்றில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவான். அவள் புருஷன் வெர்னுக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. நானூறு ஏக்கர் மக்காச்சோளமும், வாயைத் திறக்காமலே ஒரு நாளைக் கழித்துவிடுகிற சுபாவமும் உள்ள மனுஷன். "இந்த வீட்டுல நான் பேசுறதே இல்ல. அப்போ எல்லாத்துக்கும் நான் ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமா?" என்று ஒருநாள் கேட்டான். "ஆமாப்பா. எனக்குப் புது பிக்கப் வண்டி வாங்கித் தர்றதா நீ போன மாசமே ஒத்துக்கிட்ட" என்றான் டாசன். வெர்ன் சிரித்ததை அவள் பார்த்தது அபூர்வம். அன்றைக்குப் பார்த்தாள்.

மார்ச் மாத விடுமுறையில் அது நடந்தது. ஈரம் போகாமல் கொட்டிவைத்த மக்காச்சோளம் குதிருக்குள் பாளம் பாளமாகக் கட்டிக்கொண்டிருந்தது. அடியில் சோளத்தை வெளியே தள்ளுகிற திருகு இயந்திரம் ஓடினாலும் ஒன்றும் வரவில்லை. யாராவது தகரக் குதிருக்குள் இறங்கி, கம்பியால் இடித்துவிட வேண்டும். பாளத்துக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் கால் வைத்தவனை அது அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. இருந்தும் இறங்காதவர்களும் கிடையாது.

முந்தின நாள் சாப்பிடும்போது வெர்ன், "நாளைக்கு நீ உள்ள இறங்கி அதை உடைச்சு விடணும்" என்று சொன்னான். காலையில் ஆர்லிஸ் தேவாலயத்தில் ஒரு சாவுச் சாப்பாட்டுக்குப் பன்றித்தொடைக் கறி வேகவைத்து எடுத்துப்போக வேண்டியிருந்தது. பெரிய பாத்திரத்தின் மூடியைக் காணவில்லை. அலமாரி அலமாரியாகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். டாசன் வாசலில் நின்று கையுறையை மாட்டிக்கொண்டே, "அம்மா, எனக்கு அதுக்குள்ள இறங்க பயமா இருக்கு" என்றான்.

அவளுக்குக் காதில் விழுந்தது. விழாமல் இல்லை. மூடி அடுப்புக்கு அடியில் இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பதில் வரல" என்றான் அவன். "ட்ராப்." விரலால் ஒரு கோடு. சிரித்துக்கொண்டேதான் போனான். நாய் டூலி பின்னால் ஓடியது.

அண்டை அயலார் வந்து குதிரின் தகரத்தை ரம்பத்தால் அறுத்து, சோளத்தைத் தரையில் கொட்டவிட்டு அவனை எடுத்தார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் வெர்ன், தான் உதிரிபாகக் கடைக்குப் போயிருந்ததாகவும், வருவதற்குள் பையன் தானாகவே இறங்கிவிட்டதாகவும் சொன்னான். ஆர்லிஸ் பக்கத்தில்தான் நின்றாள். முந்தின நாள் அவன் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. செய்தித்தாளில் அப்படியே வந்தது: யாரிடமும் சொல்லாமல் இறங்கிய மாணவன். ஏணிக்குக் கீழே இரண்டு நாள் நகராமல் கிடந்த நாய். வாதப் போட்டிகளில் பரிசு வாங்கியவன். "இந்த வயசுப் பசங்க அப்படித்தான், சொல் பேச்சுக் கேக்குறதில்ல" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் அவளைத் தேற்றினார்கள். அவள் தலையாட்டினாள்.

மறு குளிர்காலம் வந்தபோது ஆர்லிஸ் பழையபடி சனிக்கிழமை பேருந்தில் ஏறினாள். டாசனுக்குப் பயிற்சி கொடுத்த ஹால்வர்சன் வாத்தியார், "நீங்க வரணும்னு கட்டாயம் இல்ல, ஆர்லிஸ்" என்றார். "நடுவர் தேவையா இல்லையா?" என்று கேட்டாள் அவள். "தேவைதான்" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊரில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசினார்கள். அவளுக்கு அந்தப் பாஷை காதில் விழுந்தால் போதும் என்றிருந்தது. வேறு எங்கேயும் அதைப் பேசுகிறவர்கள் இல்லை.

*

இந்தச் சனிக்கிழமை போட்டி நடந்தது பக்கத்து மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில். ஆள் போதாமல் சமையலறைத் தோழி லவோனையும் ஹால்வர்சன் பிடித்து இழுத்து வந்திருந்தார். அவளுக்கு இது முதல் தடவை. தாழ்வாரம் முழுக்க, கோட்டும் டையும் போட்ட பையன்களும் உயரக் குதிகால் செருப்பு மாட்டிய பெண்களும் சுவரைப் பார்த்து நின்றபடி பேசிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு சுவர். ஒருத்தி சுவரைப் பார்த்து அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், முதலிலிருந்து மறுபடி அழுதாள்.

"ஏண்டி, இதுங்களுக்கெல்லாம் உடம்பு சரியில்லையா?" என்றாள் லவோன்.

"பேச்சைப் பாடம் பண்றாங்க. நீ உன் தாளைப் பார்த்து அறைக்குப் போ."

"தாள்ல என்ன எழுதணும்?"

"நல்லா இருந்ததை எழுது. இல்லாததையும் எழுது. எவனுக்கு எந்த இடம்னு போடு."

"போன சுற்றுல ஒருத்தனுக்கு, 'உன் சட்டை இஸ்திரி போட்டிருக்கு, உங்கம்மாவுக்கு வாழ்த்துகள்'னு எழுதிட்டேன்."

"அது போதும், போ" என்றாள் ஆர்லிஸ்.

அவளுக்கு வந்தது சுயமாக எழுதி மனப்பாடமாகப் பேசும் பேச்சுப் போட்டி. அறைக்கு ஆறு பேர். ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசை போட வேண்டும். டாசன் இவர்களைக் கிண்டல் பண்ணுவான். "பேச்சுல ஒரு விஷயம் முடிஞ்சா வலது பக்கம் மூணு அடி நடப்பாங்க. இன்னொண்ணு முடிஞ்சா இடது பக்கம். அழுகை வர்ற இடத்துல நடுவுல வந்து நிப்பாங்க. பாரு." பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

கடைசியாகப் பேச வந்தவள் கிழக்கே பெரிய நகரத்துப் பள்ளிக்கூடத்துப் பெண். பிரின்லி என்று தாளில் இருந்தது. நீலக் கோட்டு, வாரி முடிந்த தலை. துணிச்சலைப் பற்றியது பேச்சு. நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பதுதான் இளமையின் நோய் என்றாள். நன்றாகத்தான் இருந்தது. வலது பக்கம் நடந்தாள், இடது பக்கம் நடந்தாள். பிறகு நடுவில் வந்து நின்று குரலைத் தணித்தாள்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். பெரியப்பா மகன். போன வருஷம் மார்ச்சில், யாரிடமும் சொல்லாமல், மக்காச்சோளக் குதிருக்குள் இறங்கினான்."

ஆர்லிஸின் பேனா நின்றது.

பேச்சில், ரம்பத்தால் தகரத்தை அறுத்த அயலார் வந்தார்கள். ஏணிக்குக் கீழே இரண்டு நாள் கிடந்த நாய் வந்தது. வாதப் போட்டியில் வாங்கிய கோப்பைகள் வந்தன. "இறங்குவதற்கு முன்னால் அவன் சொன்ன கடைசி வார்த்தை எனக்கு இன்னமும் கேட்கிறது," என்றாள் பிரின்லி. மூச்சு விட்டாள். கண்ணில் நீர் சரியாக வந்து நின்றது. "'எனக்கு ஒண்ணும் ஆகாது.'"

பின் பெஞ்சில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பெண் சின்னதாக ஒரு சிரிப்பு சிரித்து முடித்தாள். கைதட்டல்.

பிள்ளைகள் வெளியே போனபிறகு ஆர்லிஸ் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறைக்குள் பேசினதை மட்டும் பார்க்க வேண்டும். பூட்ஸை வாசலில் கழற்ற வேண்டும். ஆறு பேரில் அந்தப் பெண்தான் நன்றாகப் பேசினாள், அதில் சந்தேகமில்லை. 'கைகளை நன்றாகப் பயன்படுத்தினாய். குரல் தெளிவு' என்று எழுதினாள். ஒன்று என்று போட்டாள். டாசன் பக்கத்தில் நின்றிருந்தாலும் அதைத்தான் போடச் சொல்லியிருப்பான். அவனுக்கு அதில் விட்டுக்கொடுக்கிற பழக்கமே கிடையாது.

டேப் அறையில் ஹால்வர்சன் கணினிக்கு முன்னால் ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்துவிட்டு அவள் நகராமல் நின்றாள்.

"என்ன, ஆர்லிஸ்?"

"ஒரு பிள்ளை, சொந்தக் கதைன்னு சொல்லிட்டு வேற யாரோ கதையைப் பேசினா, என்ன பண்ணுவீங்க?"

ஆப்பிளைக் கீழே வைத்தார். "பெரிய விஷயமாச்சே. போட்டியிலேருந்தே எடுத்துடுவோம். ஆனா யாராவது புகார் குடுக்கணும். பரிசு குடுக்கிறதுக்கு முன்னாடி குடுக்கணும். சும்மா பொய்னு சொன்னா போதாது. உண்மையில என்ன நடந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். யாரு? எந்த அறை?"

உண்மையில் என்ன நடந்தது. அதை எழுதினால் எங்கிருந்து தொடங்குவது? யாரிடமும் சொல்லாமல் இறங்கினான் என்பதிலிருந்துதானே. அந்தப் பெண் அதை இட்டுக்கட்டவில்லை. அது வெர்ன் சொன்னது. தான் பக்கத்தில் நின்று கேட்டது. அந்தப் பெண் சேர்த்துக்கொண்டது கடைசி வார்த்தை மட்டும்தான். அதை இல்லையென்று சொல்ல வேண்டுமானால், அவன் வேறு என்ன சொன்னான், யாரிடம் சொன்னான், ஏன் இறங்கினான் என்று எல்லாம் வரும். வெர்ன் பொய் சொன்னான் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகும். விட்டுவிட்டாலோ, தன் பிள்ளை திமிரெடுத்துப்போய் செத்தான் என்று இந்த மாநிலம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருத்தி பேசிக் கைதட்டு வாங்குவாள். பதில் சொல்ல ஆளில்லாவிட்டால் அதுதான் உண்மை.

"சும்மாதான் கேட்டேன்" என்றாள்.

ஹால்வர்சன் அவள் முகத்தைப் பார்த்தார். "நடுவர் அறையில சாப்பாடு இருக்கு. போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

அங்கே பெரிய மின்சாரப் பானையில் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் லவங்கப்பட்டை ரோல். லவோன் ஒரு ரோலைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்துக்கொண்டே, "நம்மளுது இதைவிட நல்லா இருக்கும். இவங்க மாவை ஊற விடல" என்றாள். "ஒரு பொண்ணு பேசினாளாமே, குதிர்ல செத்தவன் கதை. ரெண்டாவது சுற்றுல கேட்ட ஒரு அம்மா இங்க வந்து அழுதுட்டுப் போச்சு. எனக்கு உன் நெனப்புதான் வந்துச்சு. உன் அறைக்கு வந்துடக் கூடாதேன்னு கர்த்தரை வேண்டிக்கிட்டேன்."

"என் அறைக்குத்தான் வந்தா."

லவோன் மெல்லுவதை நிறுத்தினாள்.

"டாசன்தான் அது" என்றாள் ஆர்லிஸ்.

"அடிப்பாவி! போய்ச் சொல்லு! ஹால்வர்சன்கிட்டச் சொல்லு! நீ சொல்லலேன்னா நான் போய்ச் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"அது உன் பையன்னு."

"அப்புறம்?"

லவோனுக்கு அப்புறம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததும் செய்தித்தாளில் வந்ததுதான். ஆர்லிஸ் எழுந்தாள். சில்லி தட்டில் அப்படியே இருந்தது.

*

இறுதிச் சுற்றுக்குப் போனவர்கள் பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது பிள்ளைகள் முண்டியடித்தார்கள். பிரின்லி பெயர் மேலேயே இருந்தது. அவளுடைய தோழிகள் அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் மட்டும் பிரிந்து, உடற்பயிற்சி அறைக்குப் போகும் வழியில், துடைப்பம் வைக்கும் அறைக்குப் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆர்லிஸ் போனபோது பேச்சில் நடுவில் வந்து நிற்கும் இடம் ஓடிக்கொண்டிருந்தது. சுவரிடம் அவள், "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். திருப்தியில்லை போலிருக்கிறது. இன்னும் மெதுவாக இன்னொரு தடவை சொன்னாள்.

"நாய் பேர் என்ன?" என்று ஆர்லிஸ் கேட்டாள்.

பெண் திரும்பினாள். மார்பில் இருந்த நடுவர் அட்டையைப் பார்த்ததும் சிரித்தாள். "மேம்! உங்க அறையில பேசினேன் இல்ல? தேங்க்ஸ் மேம்."

"அந்த நாய் பேர் என்னன்னு கேட்டேன்."

"அது... பேர் வந்து... பிஸ்கட்."

"டூலி" என்றாள் ஆர்லிஸ். "கிழடாயிடுச்சு. இப்ப என் கட்டிலுக்குக் கீழதான் படுக்குது. குறட்டை விடும்."

பிரின்லியின் முகம் வெளுத்தது. கோட்டும் முடிந்த தலையும் இல்லாவிட்டால் அவள் எவ்வளவு சின்னப் பெண் என்பது அப்போதுதான் தெரிந்தது. கையால் சுவரைத் தொட்டுக்கொண்டாள்.

"நீங்க..."

"அவன் அம்மா."

உடற்பயிற்சி அறைக்குள் யாரோ பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிரின்லி சுவரிலிருந்து கையை எடுத்தாள். "நான் பேப்பர்ல படிச்சேன், மேம். சொந்தமா ஒரு கதை இல்லாம யாருமே ஃபைனல் போறதில்ல. எல்லாருக்கும் ஏதாவது இருக்கு. ஒருத்திக்கு அப்பா ஜெயில்ல, ஒருத்திக்கு கேன்சர். எனக்கு..." அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது, அது பேச்சில் வந்ததைப் போல அழகாக இல்லை. "எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல, மேம்."

ஆர்லிஸுக்கு வந்த கோபம் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் நின்றுவிட்டது. ஒன்றும் ஆகாத வீடு. இதே பெண்ணைப் போன வருஷத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் ஆர்லிஸும் தன் வீட்டைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

"நான் புகார் குடுக்கப் போறதில்ல" என்றாள். "நீ போய்ப் பேசு. அண்ணன்னே சொல்லிக்கோ, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா அவன் அப்படிச் சொல்லல. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லல. பயமா இருக்குன்னு சொன்னான்."

பிரின்லி மூக்கைத் துடைத்தாள். "யாருகிட்ட சொன்னான்?"

"என்கிட்ட."

"நீங்க என்ன சொன்னீங்க, மேம்?"

பெண் வேண்டுமென்று கேட்கவில்லை. ஒன்றைச் சொன்னால் அடுத்ததைக் கேட்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கம். பந்து தட்டும் சத்தம் நின்றது. ஆர்லிஸ் அந்தச் சுவரைப் பார்த்தாள், யாரோ பென்சிலில் கிறுக்கியதை அழித்த தடம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி நடந்துவிட்டாள்.

*

இறுதிச் சுற்று பள்ளி அரங்கத்தில். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். லவோன் இடம் பிடித்து வைத்திருந்தாள். ஆர்லிஸ் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்வரிசையில் மூன்று நடுவர்கள். பின்னால் நூறு நூற்றைம்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கு முன்னால் ஒருத்தி நின்று, டாசனுக்குப் பயமாக இருந்தது என்று சொல்லப் போகிறாள். யார் பெயரும் வராது. வெர்னுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு தடவையாவது அது சத்தமாகச் சொல்லப்படும். பதில் சொல்ல வேண்டியவள் சொல்லாவிட்டாலும், சொன்னவன் சொன்னது காற்றில் நிற்கும்.

பிரின்லி மேடைக்கு வந்தாள். கண்மையைக் கழுவியிருந்தாள். வலது பக்கம் நடந்தாள். இடது பக்கம் நடந்தாள். நடுவில் வந்து நின்றாள்.

"எனக்கு" என்றாள்.

அரங்கம் காத்திருந்தது. அவள் கண் ஆட்களுக்கு மேலே தேடி, ஆர்லிஸைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றது. வாய் அசைந்தது. பாடம் மறந்துவிட்டதென்று நினைத்து அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விரலைச் சொடுக்கி உற்சாகப்படுத்தினார்கள். "எனக்கு..." என்று இன்னொரு தடவை சொன்னவள், தலையை ஆட்டிக்கொண்டு, அந்த இடத்தை அப்படியே தாண்டிப்போய் முடிவுரையைப் பேசினாள். சின்னதாக ஒரு சிரிப்பு சிரித்து முடிக்கும் இடத்தில் சிரிக்கவில்லை.

அண்ணன் இல்லை. குதிர் இல்லை. ரம்பம் இல்லை, ஏணி இல்லை, நாய் இல்லை. நடுவில் ஒரு பள்ளம் விழுந்த பேச்சு. கைதட்டல் கொஞ்சமாக வந்தது.

"நல்ல வேளை, விட்டுட்டா" என்று லவோன் அவள் கையை அழுத்தினாள். "கர்த்தர் கேட்டுட்டார் பாரு."

ஆர்லிஸ் கையை விடுவித்துக்கொண்டாள். வருஷம் முழுக்க அவள் இருக்கிற இடத்தில் யாரும் டாசனைப் பற்றிப் பேசினதில்லை. கடையில், தேவாலயத்தில், சமையலறையில் அவளைக் கண்டதும் பேச்சை மாற்றுவார்கள். அவன் பேச்சை எடுத்தவள் இந்த ஒருத்திதான், தப்பாகவாவது எடுத்தாள். இனிமேல் அவளும் எடுக்க மாட்டாள்.

பரிசு கொடுத்தபோது பிரின்லிக்குக் கடைசி இடம். கீழே இறங்கிப் போகும்போது அவள் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது வெர்ன் அடுப்பில் கறியும் கிழங்கும் போட்ட பழைய ஹாட்டிஷைச் சூடுபண்ணி, ஒரு ஓரத்தைத் தின்று முடித்திருந்தான். இன்னொரு தட்டும் எடுத்து வைத்திருந்தான். வெளியே காற்று, ஜன்னல் விளிம்பில் பொடிப்பனியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. டூலி மேசைக்கு அடியில்.

"ரோடு எப்படி?" என்றான்.

"பரவாயில்ல. பாலத்துக்கிட்ட மட்டும் வழுக்குச்சு."

அவள் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். அவன் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்.

"இன்னைக்கு ஒரு பொண்ணு டாசனைப் பத்திப் பேசினா, வெர்ன். மேடையில."

அந்தப் பெயர் அந்த மேசையில் விழுந்து ரொம்ப நாளாகியிருந்தது. கரண்டி நின்றது.

"பேப்பர்ல படிச்சாளாம். தனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டு இறங்கினான்னு பேசினா."

வெர்ன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காத்திருந்தாள். இந்த மனுஷனோடு வாழ்ந்ததில் காத்திருக்கத் தெரிந்திருந்தது. அவன் எழுந்து, தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்து, குழாயைத் திறந்தான்.

"அன்னைக்குக் காலையில என்கிட்டச் சொன்னான்" என்றாள் அவன் முதுகைப் பார்த்து. "பயமா இருக்குன்னு. நான் மூடியைத் தேடிக்கிட்டிருந்தேன். பதில் சொல்லல."

தண்ணீர் தட்டின் மேல் விழுந்துகொண்டேயிருந்தது. அவன் தட்டைக் கழுவவில்லை. இரண்டு கையையும் தொட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு நின்றான். சரி, இதுவும் இப்படியே போகும் என்று நினைத்து அவள் கோட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள்.

"என்கிட்டயும் சொன்னான்" என்றான் வெர்ன்.

பொத்தானில் அவள் விரல் நின்றது.

"ஏணி மேல. கதவைப் பிடிச்சுக்கிட்டு, திரும்பிப் பார்த்து."

அவன் கடைக்குப் போகவில்லை என்று அவள் ஊகித்திருந்தாள். ஏணிக்குக் கீழேயே நின்றான் என்று ஊகித்ததில்லை.

"நீ என்ன சொன்ன?"

குழாயை மூடினான். நிதானமாக, சொட்டு நிற்கும் வரைக்கும் திருகினான்.

"மத்தியானம் சோளம் ஏத்த லாரி வந்துடும், இறங்குன்னேன்."

பதில் சொல்லாதவள் ஒருத்தி, சொன்னவன் ஒருத்தன். இரண்டில் எதைக் கேட்டுக்கொண்டு டாசன் உள்ளே இறங்கினானோ. வெர்ன் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் மேலேறி இறங்கின, மேலேறி இறங்கின.

டூலி எழுந்து போய்க் கதவைப் பிராண்டியது. யாரும் அசையவில்லை. மறுபடி பிராண்டியது. ஆர்லிஸ் எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். குளிர் உள்ளே வந்தது. நாய் வாசலிலேயே நின்று, முற்றத்தின் அந்தக் கோடியில் குதிர் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, படியிறங்காமல் உள்ளே வந்து படுத்துக்கொண்டது. அவள் கதவைச் சாத்தினாள். தொட்டியண்டை போய் வெர்னுக்குப் பக்கத்தில் நின்று, ஈரத் தட்டை எடுத்துத் துடைத்தாள்.